மலிவான லைசென்ஸ், யார் செலவில்?

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஐம்பது மாநிலங்களில், பழைய படகுகளைப் பிறர் பொருட்டு விற்றுக் கொடுத்துக் கமிஷன் வாங்கும் தரகர்களும் அவர்களிடம் வேலை பார்க்கும் விற்பனையாளர்களும் அத்தொழிலுக்கென்றே தனி லைசென்ஸ் பெற்றாக வேண்டும் என்று விதித்திருப்பவை கலிபோர்னியாவும் புளோரிடாவும் ஆகிய இரண்டுதான். அந்த லைசென்ஸுக்கு என்ன கட்டணம் வாங்குவது என்ற விஷயம் எப்போதெல்லாம் பேச்சுக்கு வருகிறதோ அப்போதெல்லாம், வலதுசாரி இடதுசாரி என்ற பேதமின்றி, ஏறக்குறைய எல்லோரும் ஒரே பல்லவியைப் பாடுகிறார்கள்: கட்டணம் எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அவ்வளவுக்கு நல்லது, முடிந்தால் கட்டணத்தோடு லைசென்ஸையும் சேர்த்து எடுத்துவிடுவது இன்னும் நல்லது, படகு வாங்குகிறவன் பணக்காரன், அவனுக்குத் தன்னைக் காத்துக்கொள்ளத் தெரியும், லைசென்ஸ் என்பது தொழிலில் முந்தி நுழைந்தவர்கள் பிந்தி வருகிறவர்களுக்கு எதிரே சாத்தும் கதவு, கட்டணமோ உழைத்துப் பிழைக்க வருகிறவனிடம் வாசலிலேயே பறிக்கும் சுங்கம். கேட்பதற்கு நியாயமாகவும் தயை நிரம்பியதாகவும் ஒலிக்கும் இந்த அபிப்பிராயம், படகுத் தரகு விஷயத்தில், நியாயமும் அன்று, தயையும் அன்று என்பதே என் கட்சி. குறைந்த கட்டணத்தால் தரகருக்கு மிச்சமாகும் பணம் ஆகாயத்திலிருந்து விழுவதில்லை; அந்தத் தரகரைக் கண்ணால்கூடப் பார்த்திராத வேறொருவருடைய பையிலிருந்து அது வருகிறது.

இந்த வாதத்துக்கு நல்ல வம்சாவளி உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. பொருளாதார அறிஞர் மில்டன் பிரீட்மன் 1962-ல் வெளியிட்ட ‘முதலாளித்துவமும் சுதந்திரமும்’ என்ற நூலில் தொழில் லைசென்ஸுக்கென்றே ஓர் அத்தியாயத்தை ஒதுக்கி, வைத்தியத் தொழிலைக்கூட விட்டுவைக்காமல், லைசென்ஸால் ஆதாயமடைகிறவர்கள் பெரும்பாலும் தொழிலில் இருப்பவர்களே என்று வாதித்தார். அவருடைய அரசியலுக்கு நேர் எதிர்ப்புறத்தில் நின்ற ஒபாமாவின் வெள்ளை மாளிகையும் 2015-ல் ஓர் அறிக்கை வெளியிட்டு, 1950-களில் 5 சதவீதத்துக்கும் குறைவாக இருந்த லைசென்ஸ் பெற்ற தொழிலாளர் தொகை 2008-க்குள் 25 சதவீதத்தை எட்டிவிட்டதே என்று கவலைப்பட்டது. பூக்களைச் செண்டாகக் கட்டி விற்பதற்கு லூயிசியானா மாநிலம் நெடுங்காலம் லைசென்ஸ் கேட்டு வந்த வேடிக்கையையும், கலிபோர்னியாவில் முடிதிருத்தும் தொழிலுக்கு வர விரும்புகிறவர் 1,000 மணி நேரம் பள்ளியில் உட்கார்ந்தாக வேண்டும் என்ற விதியையும் (2022-க்கு முன் அது 1,500 மணி) எடுத்துக்காட்டி ஒருவர் சிரித்தால், அவரோடு சேர்ந்து நானும் சிரிக்கத் தயார்.

ஆனால் சிரித்து முடித்த பிறகு, அந்த அம்புகள் எதை நோக்கி எய்யப்பட்டவை என்று பார்க்க வேண்டாமா? பிரீட்மனும் அவருக்குப் பின் வந்தவர்களும் குறிவைத்தது, வேண்டாத படிப்பையும் வருஷக்கணக்கான காத்திருப்பையும் சுமத்தி, ஏழையைத் தொழிலுக்குள் அண்டவொட்டாமல் அடிக்கும் தடைகளை. படகுத் தரகு லைசென்ஸில் அப்படிப்பட்ட தடை மிகச் சொற்பம். கலிபோர்னியாவில் அதற்குப் பள்ளிக்கூடம் கிடையாது. ஓர் எழுத்துத் தேர்வு உண்டு. புளோரிடாவில், 1988-ல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, தரகராக விரும்புகிறவர் அதற்குமுன் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் விற்பனையாளராக லைசென்ஸுடன் இருந்திருக்க வேண்டும். அந்த இரண்டு ஆண்டுகளும் அவர் சம்பாதித்துக்கொண்டே தொழில் கற்கும் ஆண்டுகள். பிறர் தலைமுடியைத் தொடுவதற்கு 1,000 மணி நேரம் கேட்கிற ஒரு மாநிலம், ஒரு குடும்பத்தின் சேமிப்பைக் கையில் வாங்கி வாரக்கணக்கில் வைத்துக்கொள்ளப் போகிற ஒருவரிடம் பள்ளிப் படிப்பே கேளாமல் திருப்தியடைகிறதென்றால், இதில் வியக்கத்தக்கது கண்டிப்பு அன்று, தாராளம்.

படகு வாங்குகிறவன் பணக்காரன் என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். தொலைக்காட்சியில் காட்டப்படும் வெண்ணிற அரண்மனை போன்ற உல்லாசக் கப்பல்களையும், போர்ட் லாடர்டேலில் 1959 முதல் நடந்துவரும் படகுக் கண்காட்சியில் கோட்டும் கண்ணாடியுமாக உலாவுகிறவர்களையும் மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறவர்களுக்கு இது சுயம்பிரகாசமான உண்மையாகத் தோன்றலாம். சட்டத்தைப் புரட்டிப் பார்த்தால் வேறு சித்திரம் தெரிகிறது. புளோரிடாவின் சட்டம் 32 அடிக்கு மேற்பட்ட, 300 டன்னுக்குக் குறைந்த படகுகளைப் பற்றியது. அங்கே செல்வர்கள் அதிகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கலிபோர்னியாவின் சட்டமோ 16 அடியிலேயே தொடங்கிவிடுகிறது. பதினெட்டு அடி, இருபது அடியில் பின்புறம் ஒரு மோட்டாரை மாட்டிக்கொண்டு, வாரம் முழுதும் வீட்டு வாசலில் டிரெய்லர் மேல் நின்று, ஞாயிற்றுக்கிழமை மட்டும் தண்ணீரைக் காணும் படகுகள் எல்லாம் இந்தச் சட்டத்துக்குள் அடக்கம். அவற்றை வாங்குகிறவர் தச்சராக இருக்கலாம், பள்ளி ஆசிரியராக இருக்கலாம், பஸ் ஓட்டுகிறவராக இருக்கலாம். முப்பது நாற்பது வருஷத்துப் பழைய பாய்மரப் படகுகள் ஒரு நடுத்தரக் காரின் விலைக்கும் கீழே விற்பனைக்கு நிற்பதை எந்தப் படகுத்துறையிலும் காணலாம். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் வீட்டு வாடகை தாங்காமல் படகிலேயே குடியிருக்கிறவர்கள் பெருகியிருப்பதும், அங்கேயுள்ள படகுத்துறைகளில் பத்தில் ஒரு பங்கு இடத்துக்கு மேல் குடியிருப்புப் படகுகளுக்குக் கொடுக்கலாகாது என்று வளைகுடாப் பாதுகாப்பு ஆணையம் வரம்பு வைத்திருப்பதும் எல்லோரும் அறிந்த சங்கதி. அப்படிப்பட்டவருக்குப் படகு என்பது உல்லாசம் அன்று, கூரை.

அது கிடக்கட்டும், வாங்குகிறவன் பணக்காரனாகவே இருக்கட்டும். ஒரு பழைய படகு கைமாறும்போது என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்த்தால், இந்த வியாபாரத்தில் பணம் இருப்பது மட்டும் ஒருவனுக்குப் பாதுகாப்பாகாது என்பது விளங்கும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு தம்பதி, கலிபோர்னியாவின் மெரினா டெல் ரேயில் கட்டிக் கிடக்கும் 38 அடிப் பாய்மரப் படகு ஒன்றை 90,000 டாலருக்கு வாங்கப் பேசியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அன்றே, வழக்கப்படி பத்தில் ஒரு பங்கு, அதாவது 9,000 டாலர், முன்பணமாகத் தரகர் கைக்குப் போய்விடுகிறது. அதன் பிறகுதான் வெள்ளோட்டம். அதன் பிறகுதான் பரிசோதனை. வாங்குகிறவர் தம் செலவில் அமர்த்திய சர்வேயர் வருகிறார். படகைப் பட்டைகளில் கட்டித் தண்ணீரிலிருந்து தூக்கி நிறுத்துகிறார்கள். சொட்டச் சொட்ட நிற்கும் அடிப்பாகத்தை அவர் ஒரு சிறு சுத்தியலால் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போகிறார். ஓசை கணீரென்று கேட்டால் உள்ளே நல்ல பொருள். பொத்தென்று கேட்டால் கண்ணாடி இழையின் அடுக்குகள் விட்டுப்போயிருக்கின்றன, நீர் உள்ளே புகுந்திருக்கிறது. அந்த ஓசையைக் கேட்டபின் வாங்குகிறவர் பின்வாங்கலாம், விலையைக் குறைக்கச் சொல்லலாம், அல்லது ஏற்றுக்கொள்ளலாம். இவ்வளவும் நடந்து முடிய வாரக்கணக்கில் ஆகும். அவ்வளவு நாளும் அந்த 9,000 டாலர் வாங்குகிறவருடையதும் அன்று, விற்கிறவருடையதும் அன்று; இருவருக்கும் இடையே நிற்கும் மூன்றாம் மனிதர் ஒருவருடைய பாங்குக் கணக்கில் அது உறங்குகிறது. அந்த மூன்றாம் மனிதரோ படகு விற்றால்தான் தமக்குக் கமிஷன் என்ற நிலையில் இருப்பவர்.

இதோடும் விஷயம் முடியவில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்துவிட்டு நிலம் வாங்கிப் பழகிய நமக்கு, எந்தப் பதிவேட்டிலும் ஏறாத வில்லங்கம் ஒன்று உண்டென்றால் நம்பக் கஷ்டமாக இருக்கும். கடல் சட்டத்தில் அது சர்வசாதாரணம். படகைப் பழுதுபார்த்த பட்டறைக்காரனுக்குப் பாக்கி, எண்ணெய் ஊற்றியவனுக்குப் பாக்கி, ஓட்டி வந்த மாலுமிக்குச் சம்பள பாக்கி என்று எது இருந்தாலும், அது படகின் சொந்தக்காரன் மேல் மட்டுமல்லாமல் படகின் மேலேயே ஏறிக்கொள்கிறது. யாரும் எங்கும் பதிய வேண்டியதில்லை. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டமே அந்தப் பாத்தியதையைக் கொடுத்துவிடுகிறது. படகு விற்கப்பட்டு, ஒன்றுமறியாத புதியவர் கைக்குப் போன பிறகும் அது தொடர்ந்து போகிறது. பாக்கிக்காரன் கோர்ட்டுக்குப் போனால் கூட்டாட்சி மார்ஷல் வந்து படகையே ‘கைது’ செய்கிறார். மேற்கு வர்ஜீனியாவில் உள்ள தேசியப் பதிவகத்தில் நகல் எடுத்துப் பார்த்தால், பதிவான அடமானமும், யாராவது அக்கறையெடுத்து அறிவித்த பாக்கியும் தெரியும், அறிவிக்காதது தெரியாது. ஆகையால் விற்பனை முடிகிற தினத்தில், படகுத்துறை வாடகை கட்டியாயிற்றா, பட்டறை பில் தீர்ந்ததா என்று ஒவ்வொன்றாக விசாரித்து, தீராததற்கு ஈடாகப் பணத்தைப் பிடித்துவைத்து, மிச்சத்தை மட்டும் விற்றவருக்குக் கொடுக்கும் யோக்கியமான தரகர் ஒருவர்தான் வாங்குகிறவருக்கு உள்ள மெய்யான காவல். அயோக்கியர் ஒருவர் அந்த இடத்தில் உட்கார்ந்தால், கோடீசுவரனும் குமாஸ்தாவும் ஒன்றுபோலவே ஏமாறுவார்கள்.

தரகர்தான் ஜாமீன் கட்டுகிறாரே, பின் என்ன என்று கேட்பார்கள். புளோரிடாவில் தரகர் 25,000 டாலருக்கும் விற்பனையாளர் 10,000 டாலருக்கும் ஜாமீன் பத்திரம் அல்லது அதற்குச் சமமான பாங்கு உத்தரவாதம் கொடுக்க வேண்டும் என்பது உண்மை. மேலே சொன்ன தம்பதி அங்கே வாங்கியிருந்தால் அவர்களுடைய 9,000 டாலருக்கு அது போதும், அவர்கள் மட்டுமே ஏமாற்றப்பட்டிருந்தால். ஆனால் முன்பணத்தைக் கையாடுகிறவர் ஒருவரோடு நிறுத்திக்கொள்ளும் சுபாவமுடையவர் அல்லர். ஒருவர் பணத்தால் இன்னொருவருக்கு ஈடுகட்டி, அவர் பணத்தால் மூன்றாமவருக்கு ஈடுகட்டி, எல்லாம் ஒரே நாளில் இடிந்து விழும்போது பத்துப் பேர் அந்த ஒரே 25,000 டாலரைப் பங்கு போட வரிசையில் நிற்பார்கள். இருபது லட்சம் டாலர் படகுக்கு முன்பணமே இரண்டு லட்சம். அதற்கு இந்த ஜாமீன் எம்மாத்திரம்? கலிபோர்னியாவில் வீடு நிலம் விற்கும் தரகர்களின் மோசடிக்கு ஆளானவர்களுக்கென்று, லைசென்ஸ் கட்டணத்திலிருந்தே சேர்த்த ஒரு நிவாரணக் கணக்கு உண்டு. ஒரு பேரத்துக்கு 50,000 டாலர் வரை அதிலிருந்து கிடைக்கும். படகுத் தரகில் அதுவும் இல்லை. ஜாமீன் என்பது இழப்பு நேர்ந்த பிறகு கிடைக்கும் ஆறுதல் மட்டுமே. இழப்பு நேராமல் தடுக்க வேண்டுமானால், பிறர் முன்பணத்துக்கென்று தரகர் வைத்திருக்கும் தனிக் கணக்கில் இருக்க வேண்டிய பணம் இருக்கிறதா என்று முன்னறிவிப்பின்றி வந்து பார்க்கும் ஓர் அதிகாரி வேண்டும். அந்த அதிகாரிக்குச் சம்பளம் வேண்டும். கட்டணத்தைப் பற்றிய விவாதம் அனைத்தும் கடைசியில் அந்தச் சம்பளத்தில் வந்து நிற்கிறது.

மற்ற நாற்பத்தெட்டு மாநிலங்கள் லைசென்ஸ் இல்லாமல் வாழவில்லையா என்ற கேள்வியும் எழும். மிச்சிகனிலும் மின்னசோட்டாவிலும் படகுகள் லட்சக்கணக்கில் உண்டு, அங்கே இந்த லைசென்ஸ் இல்லை என்பது வாஸ்தவமே. ஆனால் அந்த ஏரிப் பிரதேசங்களில் பெரும்பாலான சிறு படகுகள் சொந்தக்காரன் அண்டை அயலானுக்கு நேரில் விற்பவை. நடுவே தரகர் ஒருவர் பணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. போர்ட் லாடர்டேலில் விற்கப்படும் படகின் சொந்தக்காரர் ஒரு நாட்டில், வாங்குகிறவர் இன்னொரு நாட்டில், படகு மூன்றாமிடத்தில் என்று இருப்பது சாமானியம். மேலும், ஏமாற்றங்களைக் கேட்டுப் பதிந்துகொள்ள ஓர் அலுவலகமே இல்லாத இடத்தில் ஏமாற்றங்கள் இல்லை என்று முடிவு கட்டுவதைவிடச் சுலபமான தர்க்கம் வேறில்லை. தரகர் சங்கங்கள் தாமே கட்டுப்பாடு செய்துகொள்ளட்டும் என்பாருக்கும் பதில் சுருக்கமானது: சங்கம் தன் அங்கத்தினரைத்தான் கண்டிக்க முடியும்; கண்டிக்கப்பட வேண்டியவர் சங்கத்தில் சேராமலே இருப்பார்.

இனி, நான் முக்கியமாகக் கருதும் விஷயத்துக்கு வருகிறேன். கலிபோர்னியாவில் படகுத் தரகர்களுக்கு லைசென்ஸ் வழங்குவது, மாநிலப் பூங்கா இலாகாவின் கீழுள்ள படகு, நீர்வழிப் பிரிவு. 2013 ஜூலை வரை அது தனி இலாகாவாக இருந்தது. பிறகு பூங்கா இலாகாவோடு சேர்க்கப்பட்டது. இந்தப் பிரிவுக்குச் சோறு போடுவது துறைமுக, நீர்க்கலச் சுழல்நிதி என்ற ஒரு நிதி. அந்த நிதிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? படகுச் சொந்தக்காரர்கள் செலுத்தும் பதிவுக் கட்டணம், படகுகள் எரிக்கும் பெட்ரோலின் மீதான வரியில் ஒரு பங்கு, படகுத்துறைகளுக்குக் கொடுத்த கடன் திரும்பி வருவது, இவைதாம் அதன் பிரதான வாய்க்கால்கள். அதிலிருந்து பொதுமக்கள் படகு இறக்கும் சாய்தளங்கள் கட்டப்படுகின்றன. கைவிடப்பட்டு மூழ்கிக் கிடக்கும் படகுகள் அப்புறப்படுத்தப்படுகின்றன. சாக்ரமென்டோ, சான் ஹோகின் ஆறுகள் கூடும் கழிமுகத்தில் ஆகாயத்தாமரை மண்டாமல் பார்த்துக்கொள்ளப்படுகிறது. சில ஆண்டுகளாக இந்த நிதியில் வரவைக் காட்டிலும் செலவு மிஞ்சி நிற்பதைச் சட்டமன்றத்தின் வரவுசெலவு ஆய்வாளர்களே சுட்டிக்காட்டியிருக்கிறார்கள்.

இப்போது அந்தக் கழிமுகத்தின் ஓரத்தில், ஸ்டாக்டனுக்குப் பக்கத்தில், விடியற்காலையில் 12 அடி அலுமினியப் படகு ஒன்றைச் சாய்தளத்தில் இறக்கி மீன் பிடிக்கப் போகிற ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவருடைய படகு தரகர் சட்டத்தின் 16 அடி வரம்புக்குள் வராது. அவர் அதை ஒரு நண்பரிடமிருந்து நேராக விலைக்கு வாங்கியிருப்பார். தரகர் என்று ஒருவரைத் தம் ஆயுளில் பார்க்காமலே இருந்துவிடுவார். ஆனால் அதில் மோட்டார் இருப்பதால் பதிவுக் கட்டணம் கட்டுகிறார். பெட்ரோல் ஊற்றும்போதெல்லாம் வரி கட்டுகிறார். தரகர் லைசென்ஸை நடத்த ஆகும் செலவு தரகர்களிடமிருந்து முழுதும் வராவிட்டால், மிச்சம் இவருடைய பணத்திலிருந்துதான் போக வேண்டும். போகாவிட்டால் அந்த வேலை நடக்காமல் நிற்க வேண்டும். மூன்றாவது வழி கிடையாது. ‘ஏழைத் தொழிலாளியின் மேல் சுமத்தப்பட்ட பாரம்’ என்று உருக்கமாகப் பேசுகிறவர்கள், அந்தப் பாரத்தை எடுத்து யார் தலையில் வைக்கிறோம் என்பதைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. ஐம்பதடிப் படகை விற்றுப் பல்லாயிரம் டாலர் கமிஷன் பெறுகிறவருக்கு, பன்னிரண்டடிப் படகுக்காரர் தம்மையறியாமல் தானம் செய்கிறார். இதற்குப் பெயர் தயை!

சட்டமே கட்டணத்தை உயர்த்தவிடுவதில்லை என்று சிலர் கையை விரிக்கிறார்கள். இது அறியாமையோ அல்லது சௌகரியமான ஞாபக மறதியோ தெரியவில்லை. கலிபோர்னியாவின் உச்ச நீதிமன்றம் 1997-ல் சின்கிளேர் பெயின்ட் கம்பெனி வழக்கில், ஈயத்தால் குழந்தைகளுக்கு நேரும் கேட்டைத் தடுக்கும் பணிக்காகப் பெயின்ட் உற்பத்தியாளரிடம் வாங்கியதை வரி அன்று, ஒழுங்குமுறைக் கட்டணமே என்று தீர்ப்பளித்தது. இதனால் சர்க்கார் எந்த வரியையும் கட்டணம் என்று பெயர் மாற்றி வாங்கத் துணிந்துவிடும் என்று அஞ்சியவர்கள் 2010 நவம்பரில் 26-ஆம் பிரேரணையை மக்கள் ஓட்டுக்கு வைத்து வெற்றி பெற்றார்கள். அதுமுதல், வாங்கும் தொகை நியாயமான செலவுக்கு மேற்படவில்லை என்பதையும், அதைச் செலுத்துகிறவர் உண்டாக்கும் சுமைக்கோ பெறும் நன்மைக்கோ பொருத்தமாகவே அது பங்கிடப்பட்டிருக்கிறது என்பதையும் நிரூபிக்கும் பொறுப்பு சர்க்காரைச் சேர்ந்தது. நல்ல விதி; நான் அதை ஆட்சேபிக்கவில்லை. ஆனால் அந்த விதி எந்தச் செலவுகளை அனுமதிக்கிறது என்று படித்துப் பார்த்தவர் எத்தனை பேர்? லைசென்ஸ் அட்டையை அச்சடித்துத் தபாலில் சேர்க்கும் செலவை மட்டுமா? விசாரணை, பார்வையிடல், கணக்குத் தணிக்கை, விதியை மீறியவர் மேல் எடுக்கும் நிர்வாக நடவடிக்கை ஆகிய எல்லாவற்றின் செலவையும் அது பெயர் சொல்லியே அனுமதிக்கிறது. குமாஸ்தாவின் நேரத்தை மட்டும் நிமிஷக் கணக்கில் பெருக்கி, இதுதான் செலவு, இதற்கு மேல் வாங்கினால் வரியாகிவிடும் என்று சொல்கிறவர், தணிக்கையே நடத்தாமல் தணிக்கைக்குச் செலவில்லை என்று சொல்கிறார். காவற்காரனை நியமிக்காதவன் காவல் செலவு பூஜ்யம் என்று பெருமைப்படுவதில் என்ன இருக்கிறது?

புளோரிடாவின் கதை வேறு விதம். அங்கே 2018-ல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, மாநில வரியையோ கட்டணத்தையோ சட்டமன்றம் புதிதாக விதிப்பதாயினும் உயர்த்துவதாயினும் இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். டாலரின் மதிப்பு வருஷந்தோறும் தேய்ந்துகொண்டிருக்கும் உலகில், டாலர் கணக்கில் நிலைநிறுத்திய ஒரு கட்டணத்தை உயர்த்தக் கஷ்டப்படுத்துவது என்றால், அதை ஓசையில்லாமல் ஆண்டுதோறும் குறைப்பது என்றே அர்த்தம். அதே மாநிலம் படகு வாங்குகிறவர்களிடம் காட்டும் தாட்சண்யமோ அபாரம். 2010 முதல் அங்கே ஒரு படகின் மேல் வாங்கும் விற்பனை வரி 18,000 டாலருக்கு மேல் போகக்கூடாது. 6 சதவீத வரிக்கு அது 3 லட்சம் டாலர் படகோடு முடிந்துவிடுகிறது. முப்பது லட்சம் டாலருக்கு வாங்கினாலும் அதே 18,000 தான். தொழில் வேறு மாநிலத்துக்குப் போய்விடாமல் தடுக்க இது அவசியம் என்கிறார்கள், இருக்கலாம். அந்த அளவுக்கு விட்டுக்கொடுத்த பிறகு, அந்தப் பேரங்களில் கைமாறும் முன்பணத்தைக் காவல் காக்கும் செலவையும் பொதுப் பணத்திலிருந்தே கொடுக்க வேண்டும் என்பது, விருந்துண்டவர் இலையெடுக்கவும் கூலி கேட்பதைப் போன்றது.

1991-ல் அமெரிக்கக் கூட்டாட்சி சர்க்கார் ஒரு லட்சம் டாலருக்கு மேற்பட்ட படகுகளின் விலையில், அந்த லட்சத்துக்கு மேலான பகுதிக்கு 10 சதவீத ஆடம்பர வரி விதித்ததையும், படகு கட்டும் பட்டறைகளில் வேலை இழந்தவர்களின் கூக்குரலால் 1993-ல் அது ரத்தானதையும் உதாரணம் காட்டுவது இந்த விவாதத்தில் ஒரு சடங்காகிவிட்டது. அந்த வரி ஆயிரக்கணக்கான டாலர் விலையைக் கூட்டியது. வாங்க இருந்தவர் வாங்காமல் இருந்தார். நாம் பேசுவதோ தரகர் இரண்டாண்டுக்கு ஒருமுறை செலுத்தும் சில நூறு டாலரை. வழக்கமான 10 சதவீதக் கமிஷன் கணக்கில், அந்தத் தம்பதியின் 90,000 டாலர் படகு ஒன்றே 9,000 டாலர் தரகு தருகிறது. அந்தச் சில நூறோடு இன்னும் சில நூறு கூடினால் படகு விற்பனை சரிந்துவிடும் என்று சொல்கிறவர் இந்தத் தொழிலில் ஒரு நாளும் கணக்கெழுதியவர் அல்லர்.

எதிர்க்கட்சியார் சொல்வதில் ஓரிடத்தில் மட்டும் உண்மையின் பொறி இருக்கிறது. அதை அவர்களே சரியாக ஊதவில்லை. அந்த 9,000 டாலர் ஒருவர் கைக்குப் போவதில்லை. விற்கிறவர் பக்கத்துத் தரகரும் வாங்குகிறவர் பக்கத்துத் தரகரும் பாதிப் பாதி பிரித்துக்கொண்டால் 4,500. அதில் நிறுவனத்துக்குப் பாதி போக, வெயிலில் நின்று படகைக் காட்டி, வெள்ளோட்டத்துக்குக் கூடவே போன விற்பனையாளருக்கு 2,250 என்று ஆகும். முதல் வருஷத்து விற்பனையாளர் ஒருவர் ஒரு பேரத்தையும் முடிக்காமலே மாதங்களை ஓட்ட நேரலாம். அவரிடமும், பத்து விற்பனையாளர்களை வைத்துக்கொண்டு எல்லோருடைய முன்பணமும் வந்து சேரும் கணக்கை ஆளுகிற முதலாளித் தரகரிடமும் தலைக்கு இவ்வளவு என்று ஒரே தொகை வாங்குவது நியாயமாகாது. தலைக்குச் சமம் என்பது பார்வைக்குச் சமத்துவம்போல் இருக்கிறது. உண்மையில் அபாயத்தை உண்டாக்காதவர் அபாயத்தை உண்டாக்குகிறவருக்காகச் செலுத்துகிறார். விற்பனையாளர் கையில் பிறர் பணம் தங்குவதில்லை. அவரைப்பற்றி அரசாங்கம் செய்ய வேண்டியது பெரும்பாலும் கைரேகை பார்ப்பதும் தேர்வு நடத்துவதும்தான். அதற்கான சிறு தொகையோடு அவரை விட்டுவிடலாம். தணிக்கையும் விசாரணையும் தனிக் கணக்கைச் சுற்றி எழுகின்றன. ஆகையால் கட்டணத்தின் பெரும்பங்கு அந்தக் கணக்கின்மேல், அதில் ஓர் ஆண்டில் வந்து போகும் தொகையின் அளவுக்கேற்பப் படிகளாக வைக்கப்பட வேண்டும். ஆண்டுக்கு நான்கு சிறு படகு விற்கிற தரகரும் நானூறு பெரும் படகு விற்கிற நிறுவனமும் ஒரே படியில் நிற்கலாகாது. செலுத்துகிறவர் உண்டாக்கும் சுமைக்குப் பொருத்தமாகப் பங்கிடு என்று 26-ஆம் பிரேரணை கேட்பதும் ஏறக்குறைய இதைத்தான். அந்தப் பிரேரணையைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு தலைக்கு இவ்வளவு என்ற முறையை ஆதரிப்பவர்கள் அதன் மறுபக்கத்தைப் படிக்கவில்லை.

தொகையைப் பொறுத்துக் கட்டணம் வைத்தால் தரகர்கள் தொகையை மறைப்பார்கள் என்ற ஆட்சேபம் வரும். மறைக்கட்டும், மறைத்த தொகை தனிக் கணக்கின் பாங்கு ஏட்டோடு ஒத்துப் போகாது, ஏட்டைப் பார்க்கத்தான் அதிகாரி வருகிறார். இதைவிட நல்ல தூண்டில் தணிக்கைக்கு வேறென்ன வேண்டும்?

கலிபோர்னியாவில் ஓர் இலாகா தன் விதியை மாற்றுவதாயின், நகலை வெளியிட்டு 45 நாள் பொதுமக்களின் அபிப்பிராயத்துக்குக் காத்திருக்க வேண்டும். படகுத் தரகர் கட்டணம் என்ற தலைப்பைக் கண்டு மனு எழுதுகிறவர்கள் யார் என்று யூகிக்க அதிக புத்தி வேண்டியதில்லை: தரகர்களும், தரகர்களுடைய சங்கங்களும், லைசென்ஸ் என்ற சொல்லைக் கேட்டாலே எழுதுகோலைத் தூக்கும் சீர்திருத்தக்காரர்களும். முன்பணத்தைப் பறிகொடுத்த தம்பதி அதற்குள் வழக்கறிஞருக்குக் கொடுத்துக் களைத்திருப்பார்கள். ஸ்டாக்டன்காரருக்கு அப்படி ஒரு விதி உத்தேசிக்கப்படுவதே தெரியாது. ஆகவே அவர்கள் பக்கத்துக் கணக்கை இலாகாவே எழுதி நகலோடு சேர்த்து வைக்க வேண்டும்: சென்ற ஆண்டில் எத்தனை தனிக் கணக்குகள் நேரில் பார்வையிடப்பட்டன, எத்தனை புகார்கள் வந்து எத்தனை தீர்ந்தன, அதற்கு ஆன செலவில் தரகர் கட்டணத்திலிருந்து வந்தது எவ்வளவு, பதிவுக் கட்டணத்திலிருந்தும் பெட்ரோல் வரியிலிருந்தும் எடுத்தது எவ்வளவு. கட்டணத்தைக் குறைக்கக் கோரும் ஒவ்வொருவரும், குறைகிற தொகையை அந்தப் பன்னிரண்டடிப் படகுக்காரரிடம் வாங்கப் போகிறோமா அல்லது தணிக்கையை நிறுத்தப் போகிறோமா என்பதைத் தம் மனுவிலேயே எழுதிக் கையெழுத்திடட்டும்.